அர்த்தம் தெரியாமலே உலக சாம்பியன்

ஸ்பெயினின் கிரனாடா நகரில் 2024 நவம்பரில் ஸ்பானிய மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸுக்கு ஸ்பானிய மொழி பேசத் தெரியாது. நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறிய அவர், கிரனாடாவில் ஆடிய 24 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றார். 2015-ல் பெல்ஜியத்தில் பிரெஞ்சுப் பட்டத்தையும் இப்படித்தான் தூக்கிச் சென்றார். அதற்கு முன் பிரெஞ்சுச் சொற்பட்டியலோடு அவர் உட்கார்ந்தது சுமார் ஒன்பது வாரம். ஆங்கிலத்திலோ ஐந்து முறை உலக சாம்பியன். 2007-ல் மும்பையில் நடந்த இறுதிப் போட்டியில் மலேசியாவின் கணேஷ் அசீர்வாதத்தை வீழ்த்தியதுதான் அவற்றில் முதலாவது.

ஸ்கிராபிளை ஆங்கிலப் புலமைக்கான தேர்வாக நினைப்பவர்களுக்கு இது அதிசயமாகத் தெரியலாம். போட்டிகளில் ஆடுபவர்களுக்கு அப்படியில்லை. 2003-ல் கோலாலம்பூரில் உலக இறுதிப் போட்டிக்கு வந்த இருவருமே தாய்லாந்துக்காரர்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழி அல்ல. குறிப்பிட்ட ஏழு எழுத்துகளைப் பார்த்ததும் அவற்றில் ஒளிந்திருக்கும் சொல்லை இழுத்து வெளியே எடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் திறமை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

அந்தத் திறமைக்குப் பயிற்சி முறை உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் சொற்களை அகராதி வரிசையில் படிப்பதில்லை. ஒரு சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் கலைத்து அடுக்கி, அந்த அடுக்கைப் பார்த்ததும் சொல் நினைவுக்கு வரும்படி பழகுகிறார்கள். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற அடுக்கைக் கண்டால் ‘ரீடெயின்ஸ்’, ‘நாஸ்டியர்’, ‘ரெட்டினாஸ்’, ‘ஸ்டெய்னர்’, ‘ஸ்டியரின்’ எல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும். கையிலிருக்கும் ஏழு எழுத்து டைலையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால், ஆட்டத்தின் போக்கையே மாற்றும் அடி இதுதான்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூலிகைப் பானத்தைக் குறிக்கும் ‘டிசேன்’ என்ற ஆறெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஜி சேர்ந்தால் ‘சீட்டிங்’, கே சேர்ந்தால் ‘இன்டேக்ஸ்’, எம் சேர்ந்தால் ‘இன்மேட்ஸ்’, வி சேர்ந்தால் ‘நேட்டிவ்ஸ்’. இப்படி 20-க்கும் மேற்பட்ட எழுத்துகளோடு அது ஏழெழுத்துச் சொல்லாகிவிடும். டைல் பையிலிருந்து எது வந்தாலும் வழி இருக்கிறது. இந்த ஆறு எழுத்துகளும் டைல்களை அடுக்கும் ரேக்கில் சேரும்படி முந்தைய இரண்டு மூன்று முறை பொறுமையாக ஆடியவருக்குத்தான் 50 புள்ளி கிடைக்கிறது. வேடிக்கை பார்ப்பவர் அதை அதிர்ஷ்டம் என்கிறார்.

எழுத்துகளின் எண்ணிக்கையும் தற்செயலாக அமைந்ததல்ல. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் 100 டைல்களைப் பங்கிட்டார். இ 12, ஏ 9, ஐ 9. எஸ் மட்டும் நான்கே நான்கு. பன்மையாக்கியே புள்ளி சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக அதைக் குறைத்தார். அதனால்தான் அனுபவசாலிகள் எஸ்ஸையும், எந்த எழுத்தாகவும் மாறும் இரண்டு வெற்று டைல்களையும் எட்டுப் பத்துப் புள்ளிக்காக வீணாக்குவதில்லை.

புதியவர்கள் திணறுவது க்யூவிடம். பத்துப் புள்ளி மதிப்புதான், ஆனால் பின்னால் வர யு இல்லையே என்று கையில் வைத்துக்கொண்டே ஆட்டத்தை முடிக்கிறார்கள். யு தேவைப்படாத சொற்கள் அரபு வழியாக நிறையவே வந்திருக்கின்றன. காஜி, பக்கீர், நிகாப், தலாக் என நம் காதுக்குப் பழகிய சொற்களே க்யூவோடு ஆங்கிலப் பட்டியலில் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விடப் பயன்படுவது சீன மொழியிலிருந்து வந்த ‘கி’; க்யூவும் ஐயும் மட்டும் போதும். எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கே ஒரு ஐ, கீழே ஒரு ஐ அமைந்துவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 31. மொத்தம் 62 புள்ளி, அதுவும் இரண்டெழுத்துச் சொல்லில்.

குட்டிச் சொற்களின் பலத்தை உலகுக்குக் காட்டியது நைஜீரியா. 2015-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வெலிங்டன் ஜிகெரே ஆப்பிரிக்காவின் முதல் உலக சாம்பியன் ஆனார். நீளமான சொல் கிடைத்தாலும் சில சமயம் ஐந்தெழுத்தோடு நிறுத்திக்கொண்டு, நல்ல எழுத்துகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதும், எதிராளிக்குப் பலகையைத் திறந்துவிடாமல் இருப்பதும் நைஜீரிய அணியின் உத்தி. போட்ட சொல்லுக்கு இணையாக ரேக்கில் மிஞ்சிய எழுத்துகளையும் எடை போட்ட ஆட்டம் அது.

இந்தக் கணக்கையெல்லாம் தாண்டி நிற்கிறது ரிச்சர்ட்ஸின் ஓர் ஆட்டம். அவர் கையில் சி, ஹெச், எல், ஆர், டி, என், கூடவே ஒரு வெற்று டைல். பலகையில் இருந்த ஒரு இ எழுத்தோடு சேர்த்தால் ‘சில்ட்ரன்’ தயார், 50 புள்ளியும் நிச்சயம். அதை விட்டுவிட்டு, பலகையில் தனித்தனியாக நின்ற இரண்டு ஓ-க்களையும் ஒரு இ-யையும் தன் ஏழு டைலால் கோத்து ‘குளோரோடைன்’ என்ற பத்தெழுத்துச் சொல்லை வைத்தார். பிரிட்டிஷ் இந்திய ராணுவ மருத்துவர் ஒருவர் 19-ம் நூற்றாண்டில் காலராவுக்காகத் தயாரித்த மருந்தின் பெயர் அது. சொல் தெரிந்திருப்பது ஒரு பங்கு. சிதறி நிற்கும் மூன்று எழுத்துகளுக்கு இடையே அது பொருந்தும் என்று கடிகாரம் ஓடும்போது கண்டுபிடிப்பதுதான் பெரும்பங்கு.

இன்று எழுத்துகளைத் தட்டினால் சொற்களைக் கொட்டும் செயலிகள் எல்லோர் கைபேசியிலும் இருக்கின்றன. ஆட்டத்தின் நடுவே அவற்றைத் திறப்பது ஏமாற்று வேலை. அதோடு, கண் பழக வேண்டிய வாய்ப்பையும் அது பறித்துவிடுகிறது. போட்டி ஆட்டக்காரர்கள் ‘ஸிஸிவா’ மென்பொருளில் அடுக்குகளைப் படித்துவிட்டு வருகிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகு ‘குவாக்கிள்’ நிரலில் அதை மறுபடி ஓட்டி, எங்கே எந்தச் சொல்லைத் தவறவிட்டோம் என்று பார்க்கிறார்கள். பள்ளி அளவில் தொடங்குபவர் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. இரண்டெழுத்துப் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அதை முடித்துவிட்டு யு இல்லாத க்யூ சொற்கள், பிறகு மூன்றெழுத்துச் சொற்கள், அதன் பின் டிசேன் குடும்பம். இந்த வரிசையில் போனால் முதல் பட்டியல் முடிந்ததுமே புள்ளி ஏறுவது தெரியும்.