காலட்சேபம், கொட்டகை, திரை: நந்தனாரின் மூன்று மேடைகள்

காரைக்காலில்தான், 1861இல், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது. முன்நின்று பதிப்பித்தவர் அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரி சிஸே. தமிழில் இசை நாடகம் சினிமாவான கதையைச் சென்னை ஸ்டுடியோக்களிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்த அச்சுப் பிரதியிலிருந்து தொடங்குவதே முறை என்பேன்.

பெரிய புராணத்தில் நந்தனைத் தடுக்கும் ஆண்டை கிடையாது. அந்த ஆண்டையாக வேதியர் பாத்திரத்தைப் படைத்தவர் பாரதி. சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாளும் மறுக்கும் மிராசுதாரும் இந்த டெல்டா மண்ணின் மனிதர்கள். கதாகாலட்சேபத்தில் ஒரே பாகவதர் இருவராகவும் மாறிப் பாடுவார். சபை உருகினால் ஓர் அடியிலேயே நின்று நிரவல் செய்வார். நாடகக் கொட்டகையில் 'ஒன்ஸ்மோர்' என்றால் இறந்தவரும் எழுந்து பாட வேண்டியதுதான். பாட்டின் நீளத்தைக் கேட்பவர்கள் தீர்மானித்த காலம் அது.

சினிமா முதலில் இதை அப்படியே பிடித்துக்கொண்டது. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்த 'பவளக்கொடி' 1934இல் படமானபோது சுமார் 50 பாட்டுகள் இருந்தன. மறு ஆண்டு 'பக்த நந்தனார்'. நந்தனாக கே.பி. சுந்தராம்பாள், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குப் பெண் ராஜபார்ட் புதிதல்ல; தொலைவில் இருக்கும் மேடையில் குரலே ஆளாகிவிடும். கேமரா பக்கத்தில் போனதும் வேஷம் தெரிந்தது. பனைமரமும் எருமையும்தான் நன்றாக நடித்தன என்கிற தோரணையில் கல்கி விமர்சித்தார். கடுமையான தீர்ப்புதான்; ஆனால் மேடைக்கும் திரைக்கும் உள்ள இடைவெளியை முதலில் கண்டுகொண்ட தீர்ப்பு.

1942இல் ஜெமினியின் 'நந்தனார்' அந்த இடைவெளியைப் பெரிதும் கடந்தது. முருகதாசா இயக்கம், நந்தனாகத் தண்டபாணி தேசிகர், வேதியராகச் செருகளத்தூர் சாமா. பாரதியின் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு பாட்டுகளும் சேர்ந்தன. பாட்டுகள் பதிவான இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். அதற்குள் அடங்கிய பாட்டில் நிரவலுக்கு இடமில்லை. இது பெரிய இழப்பு. அதற்கு ஈடாகக் கிடைத்தது, பாட்டைக் கேட்டு நிற்கும் வேதியரின் முகம். காலட்சேபத்தில் பாடுகிற பாகவதரே வேதியரும் என்பதால் அந்த முகத்தைத் தனியே பார்க்க வழியில்லை.

ஹாலிவுட் வேறு பாதையில் போனது. 'மை ஃபேர் லேடி'யில் மேடையில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸை விட்டுவிட்டு, 1964 படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலும் மார்னி நிக்சனைப் பாட வைத்தார்கள். நம்மிடம் அன்று குரல்தான் முகத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்த வகையில் நம் பழைய படங்கள் மேடைக்கு அதிக விசுவாசமானவை.

இழந்ததையும் பெற்றதையும் நேரில் ஒப்பிட, காரைக்காலில் பாரதியின் முழு நூலையும் ஓர் இரவு காலட்சேபமாக நடத்தி, மறுநாள் அதே இடத்தில் ஜெமினி படத்தைத் திரையிட வேண்டும். புதுவை அரசின் கலை பண்பாட்டுத் துறை இதை எடுத்துச் செய்யட்டும்.