மற்ற ஏழு மெய்ப்பாடுகள்

வயோலா டேவிஸுக்குக் கோல்டன் குளோப் அமைப்பு 2025 ஜனவரியில் செசில் பி. டிமில் வாழ்நாள் விருதை அளித்தது. எம்மி, கிராமி, ஆஸ்கர், டோனி நான்கையும் 2023க்குள் வாங்கிவிட்டவருக்கு இது இன்னொரு மகுடம். விருதில் எனக்கு மறுப்பில்லை. அவரைப் புகழ வருகிறவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் காட்சிகளில்தான் எனக்கு வழக்கு. கன்னம் நனைந்து, மூக்கு ஒழுகி, துடைக்காமல் அவர் அழும் காட்சிகள் அவை. ஒப்பனை கலைந்த முகம்தான் உண்மையான நடிப்பு என்று அவருடைய ரசிகர்களும் விமர்சகர்களும் வாதாடுகிறார்கள்.

அவரது திறமை கேள்விக்கு அப்பாற்பட்டது. ஜூலியார்டில் பயின்றவர், ஆகஸ்ட் வில்சன் நாடகங்களில் பழுத்த குரல், திரையில் அழகாகத் தெரிய வேண்டுமே என்ற கவலை துளியும் இல்லாத முகம். நாடகத் தொடரின் முதன்மை நடிகைக்கான எம்மியை வென்ற முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. 2015 வரை அப்படி ஒருவரும் இல்லை என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் வெட்கக்கேடு.

ஆனால் அழுகை என்பது தொல்காப்பியம் எண்ணிச் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று மட்டுமே. அது பிறக்கும் களங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: இழிவுபடுதல், இழத்தல், நிலை தாழ்தல், வறுமை. ஹாலிவுட் இந்த நடிகைக்குக் கொடுத்த பெரிய வேடங்களை வரிசைப்படுத்துங்கள். இந்த நான்கில் ஒன்றோ இரண்டோ இல்லாத வேடம் அரிது.

'டவுட்' (2008) படத்தை எடுத்துக்கொள்வோம். மெரில் ஸ்ட்ரீப்புடன் ஒரே ஒரு காட்சி. அதற்கே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூக்கு ஒழுகியதைத்தான் நினைவுகூர்கிறார்கள். அங்கே நடப்பது வேறு. சிறுவனிடம் தவறாக நடந்ததாகப் பாதிரியார் மீது சந்தேகம் இருப்பதாகத் தலைமைக் கன்னியாஸ்திரி சொல்ல, மகனை வீட்டில் அடிக்கும் தகப்பனையும் பள்ளியில் அன்பு காட்டும் அந்தப் பாதிரியாரையும் எடைபோட்டு, ஜூனில் படிப்பு முடியும்வரை விட்டுவிடுங்கள் என்று தாய் கேட்கிறாள். கேட்பவரின் அறத்தையே உலுக்கும் பேரம் அது. டேவிஸ் ஒவ்வொரு சொல்லையும் அளந்து வைக்கிறார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமலே உணர்த்தலாம் என்று அந்தத் தாய் கணக்கிடுவது அவர் கண்களில் தெரிகிறது. அந்தக் கணக்குதான் நடிப்பு. கண்ணீர் அதன் ஓரத்தில் கசிவது. புகழுரைகளோ ஓரத்தையே நடுவில் வைத்துவிட்டன.

'ஃபென்சஸ்' (2016) படத்திலும் இதே கதை. மேடையில் நடித்தபோது டோனியில் முதன்மை நடிகை விருது வாங்கித் தந்த ரோஸ் வேடம் ஆஸ்கரில் துணைப் பாத்திரமாகச் சுருங்கியதை இங்கே விட்டுவிடுகிறேன். கணவன் வேறொருத்தியைக் கர்ப்பமாக்கியதைச் சொன்னதும் ரோஸ் வெடித்து அழும் காட்சி எல்லாருக்கும் தெரியும். பின்னால், தாயை இழந்த அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, கணவனை மட்டும் தன் வாழ்விலிருந்து தள்ளிவைக்கிறாளே, அந்த இடத்தை எத்தனை பேர் பேசினார்கள்? ஒரு பெண் தன் மணவாழ்வுக்குத் தானே தீர்ப்பு எழுதுகிறாள். படத்தின் உச்சம் அதுதான்.

தொடர்ந்து ஒன்றையே பாராட்டினால் எழுதுகிறவர்களும் அதையே எழுதிக் கொடுப்பார்கள். 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' (2014–2020) தொடரின் தொடக்கத்தில் அவர் நடித்த அனலைஸ் கண்ணாடி முன் அமர்ந்து பொய்முடியையும் பொய் இமைகளையும் கழற்றி, ஒப்பனையைத் துடைத்துவிட்டுக் கணவனை விசாரிக்கும் காட்சி உண்டு. அதில் இருப்பவை அதே எட்டில் வரும் வெகுளியும் (சினமும்) பெருமிதமும். அதற்கு நிகராக அமெரிக்கத் தொலைக்காட்சியில் நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் தொடர் நீள நீள, கதை தள்ளாடும் இடங்களிலெல்லாம் அனலைஸை உடைந்து அழவைத்தே தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். நடுங்கும் கீழுதடு, இழுபடும் மூச்சு, திடீரென இறங்கும் குரல் என எல்லாம் முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. அந்தக் குற்றத்தில் நடிகைக்கும் பங்குண்டு.

'தி வுமன் கிங்' (2022) எனக்குக் கோபமே தந்தது. டஹோமி அரசின் பெண்படைத் தளபதி நானிஸ்கா. போர், அரசியல், அடிமை வணிகம் பற்றிய மனச்சாட்சி என ஒரு நடிகைக்கு வேண்டிய எல்லாம் அந்த வேடத்திலேயே இருக்கின்றன. போதாதென்று வன்கொடுமையையும், கைவிட்ட மகளையும், அந்த மகள் தன் படையிலேயே வந்து சேர்வதையும் திரைக்கதை திணிக்கிறது. ஒரு தளபதி தளபதியாக மட்டும் இருந்தால் வயோலா டேவிஸுக்குப் போதாது என்று முடிவுகட்டியவர்கள் யார்?

'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' (2020) என் வாதத்துக்கு எதிர்ச்சான்று என்பார்கள். உண்மைதான். கோக் வந்தால்தான் பாடுவேன் என்று ஒலிப்பதிவையே நிறுத்திவைக்கும் அந்தப் பாடகியின் செருக்குக்கும் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. விருது வரவில்லை.

'ஏர்' (2023) படத்துக்கு ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை. அதில் மைக்கேல் ஜோர்டனின் தாய் டெலோரிஸாக வரும் டேவிஸ் குரலை உயர்த்துவதில்லை. மகன் பெயரில் விற்கும் ஒவ்வொரு ஜோடிக் காலணிக்கும் பங்கு வேண்டும் என்று நைக்கி ஆளிடம் தொலைபேசியில் சொல்கிறார். மறுமுனையில் இருப்பவர் அப்படி வழக்கமில்லை என்று விளக்கப் பார்க்கிறார். டெலோரிஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சொன்னதிலிருந்து இம்மியும் இறங்காமல் நிற்கிறார். 'டவுட்' படத்துத் தாயின் அதே பேரத் திறமைதான், கண்ணீர் மட்டும் இல்லை. அறுபதை எட்டிய இந்த நடிகைக்கு இனி எழுதுகிறவர்கள் இந்தப் பெண்ணிலிருந்து தொடங்கட்டும். முழுநீள நகைச்சுவை ஒன்றையும் யாராவது அவர் கையில் கொடுக்கட்டும்.