தனிமைக்குத் துணை போனவர்கள்

ஜெய்சல்மேரில் நான் தங்கிய விடுதியில், ஒட்டகப் பயணம் போய்த் திரும்பியவர்கள் எழுதிவைப்பதற்கென்று ஒரு நோட்டு இருந்தது. முனை மடங்கி, எண்ணெய்க் கறை ஏறிய நீள நோட்டு. பல தேசத்தவர்கள், பல கையெழுத்து. வாசகம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. நட்சத்திரங்கள் இத்தனை இருக்கும் என்று நினைத்ததில்லை. தொடையில் தோல் உரிந்துவிட்டது. கம்பு ரொட்டி நன்றாயிருந்தது, கொஞ்சம் மணல் கடித்தது. இன்ன பெயருள்ள ஒட்டகக்காரர் மிக நல்லவர், இரவு பாடினார், வெந்நீர் போட்டுக் கொடுத்தார். எழுத்து என்ற முறையில் இவற்றில் ஒன்றுமில்லை. வியப்புக்குறிகளை எடுத்துவிட்டால் பாதி நோட்டு காலியாகிவிடும்.

அதே மூன்று நாள் பயணத்தைப் பற்றி நானும் எழுதினேன். நண்பர் ஒருவரின் பத்திரிகையில் நாலு பக்கம் வந்தது. வங்கி தரும் விடுமுறைப் பயணச் சலுகையில் போய்வந்த ஒரு குமாஸ்தா எழுதியது என்று அதைப் படிக்கிற யாருக்கும் தெரியாது. அவ்வளவு தனிமை அதில். சமீபத்தில் அதை ஒரு தொகுப்பில் சேர்க்கக் கேட்டார்கள். எடுத்துப் படித்தேன். நோட்டில் எழுதியிருந்த எல்லோரையும்விட நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் அத்தனை பேரிடமும் இருந்த ஓர் ஆள் என்னிடம் இல்லை. ஒரே ஓரிடத்தில் 'ஒட்டகக்காரன்' என்று வருகிறது. பெயர் இல்லை. 'ர்' விகுதிகூட இல்லை. அவருக்கு என் அப்பா வயது.

இது வெறும் மரியாதைக் குறைவு என்றால் 'ன்'ஐ 'ர்' ஆக்கி அனுப்பியிருப்பேன். விஷயம் அதுவல்ல என்று எனக்குப் படுகிறது. மோசமாக எழுதியவர்களிடம் இருந்த ஒருவர், நன்றாக எழுத முனைந்தவனிடம் எப்படிக் காணாமல் போனார்? பாலைவன அனுபவ எழுத்து என்று நாம் மதிப்பவற்றிலும் இதுவே நடந்திருக்கிறதா? என் கேள்வி இதுதான்.

முதலில் இந்தப் பயணம் என்ன என்பதை ஸ்தூலமாகப் பார்க்க வேண்டும். வழிகாட்டியோடு போகிற பயணி வழியைத் தேர்வதில்லை. எங்கே நிற்பது, எந்தப் புதர் ஓரம் அடுப்பு மூட்டுவது, தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று எதையும் அவன் முடிவு செய்வதில்லை. விறகு பொறுக்குவதும் ரொட்டி தட்டுவதும் பாத்திரத்தை மணல்போட்டுத் தேய்ப்பதும் ஒட்டகத்தின் முன்கால்களைப் பிணைப்பதும் வேறொருவர். தீர்மானங்கள் எல்லாம் கழன்றுபோனபின் பயணிக்கு மிஞ்சுவது பார்ப்பது ஒன்றே. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எதுவும் வெறுமையாகத்தான் தெரியும். இதைத்தான் அவன் ஊருக்கு வந்து 'வெளி' என்றும் 'மௌனம்' என்றும் எழுதுகிறான்.

உண்மையில் தார் வெறுமை அல்ல. உலகத்துப் பாலைவனங்களில் ஜன நெருக்கம் மிகுந்தவற்றில் அது ஒன்று. அங்கே மணல்மேடு மட்டும் இல்லை. கல்லும் புதரும் உண்டு. நாங்கள் போன வழியில் ஆட்டுக்கிடை இருந்தது, கம்பு அறுத்த கொல்லை இருந்தது, நம் ஊர் எருக்கு இருந்தது. அவர்கள் கேஜ்ரி என்பது நம் வன்னி மரம். இரவில் அடிவானத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. எருக்கையும் வன்னியையும் என் கட்டுரையில் சேர்த்திருந்தேன், அவை அழகாக இருந்தபடியால். காற்றாலைகளைச் சேர்க்கவில்லை. பாலை என்றதும் நம் ஆட்களுக்குத் திணை ஞாபகம் வந்துவிடும், எனக்கும் வந்தது. நிலம் திரிந்து உண்டாகிற அந்தப் பாலைக்கும் இந்த மணலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். அதுவும் பாவனைதான்.

இனி, புத்தகங்கள். ஸேந்த் எக்சுபெரியின் விமானம் 1935 டிசம்பர் கடைசியில் லிபியப் பாலைவனத்தில் விழுந்தது. அவரும் அவருடைய மெக்கானிக்கும் தாகத்தில் சாகப்போகிற நிலையில் ஒரு பெதூயின் வந்து தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். 1939ல் வந்த புத்தகத்தில் இதை எழுதும்போது அவர் அந்த மனிதரை நோக்கியே பேசுகிறார். உன் முகம் எனக்கு ஒருபோதும் ஞாபகம் வராது, நீ மனிதன், எல்லா மனிதர்களின் முகத்தோடும் எனக்குத் தோன்றுகிறாய் என்ற பொருளில். கல்லூரியில் படித்தபோது இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. இப்போது கலங்கவில்லை. நன்றி பொய்யல்ல. ஆனால் அந்த நன்றி நேராக 'மனித'னிடம் போய்ச் சேர்கிறது. வழியில் நிற்கிற ஆள்மேல் படவேயில்லை. அவருக்கு ஒரு முகம் இருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் அவர் வந்ததற்கு ஒரு காரியமும் இருந்திருக்கும். தரிசனம் பெரிதாகும்போது ஆள் கரைந்துபோகிறார். என் கட்டுரையின் நோய்க்கு உயர்ந்த உதாரணம் இது.

அப்படியானால் பெயர் சொல்லிவிட்டால் போதுமா? தெசிகர் சொன்னார். வெட்டுக்கிளி ஆராய்ச்சிக்கென்று அரேபியாவுக்குப் போய், 1946-47லும் அடுத்த ஆண்டிலும் வெற்றுக் காற்பகுதி என்கிற ருப் அல் காலியைக் கடந்தவர். 1959ல் வந்த 'அரேபியன் ஸான்ட்ஸ்' புத்தகத்தை பின் கபினா, பின் கபைஷா என்ற இரண்டு பெது இளைஞர்களுக்கே சமர்ப்பணம் செய்தார். அவர்களுடைய பசி, சண்டை, தாராளம், ஓயாத பேச்சு எல்லாம் அதில் இருக்கின்றன. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பயணம் அர்த்தமில்லாத தவமாய்ப் போயிருக்கும் என்கிற அளவுக்கு ஒப்புக்கொள்கிறார். இந்த வகை எழுத்தில் இதைவிடப் பெரிய ஒப்புதல் எனக்குத் தெரியாது.

ஆனால் 1977ல் அவர் திரும்பிப் போனார். பழைய தோழர்கள் நடுவயதுக்காரர்களாக இருந்தார்கள். ஒட்டகத்தின் இடத்தில் கார் வந்திருந்தது, எண்ணெய்ப் பணம் வந்திருந்தது. தெசிகருக்கு அது பெரிய ஏமாற்றம். 1990ல் மறுபடி போனபிறகுதான் மாற்றத்தோடு சமாதானமானதாக எழுதினார். எனக்குச் சங்கடம் தருவது அந்த நடுவிலுள்ள கசப்பு. பட்டினியை அவர் சில ஆண்டுகளுக்கு விரும்பி ஏற்றார். அவர்களுக்கு அது பிறப்போடு வந்தது. அவர்கள் அதிலிருந்து வெளியேறியதை இழப்பு என்று ஒருவர் எழுத வேண்டுமானால், அவர்களை அவர் நேசித்தது மட்டும் போதாது. தன் புத்தகத்துக்குள்ளேயே அவர்கள் இருக்க வேண்டும் என்றும் நினைத்திருக்க வேண்டும்.

இதில் நாம் யாரும் யோக்கியர்கள் இல்லை. நாட்டில் 2012 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019ல் 2.5 லட்சமாகிவிட்டன. பாரம் இழுக்க இப்போது ஜீப்பும் டிராக்டரும் இருக்கின்றன. 2014ல் ராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. இதைத் தகவலாக எடுத்துக்கொள்வதா இரங்கலாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஜெய்சல்மேர்ப் பக்கம் ஒட்டகம் வைத்திருப்பவருக்கு இன்று அதன் முக்கிய வேலை எங்களைப் போன்றவர்களைச் சுமப்பது. நாங்கள் வருகிறவரை அவர் பழைய மனிதராகவே இருந்தாக வேண்டும். தலைப்பாகை அவருக்குச் சீருடை மாதிரி.

ஜெஃப்ரி மூர்ஹவுஸின் 'தி ஃபியர்ஃபுல் வாய்ட்' 1974ல் வந்தது. தன் பயத்தின் வேர்களைப் பார்ப்பதற்காக சஹாராவை மேற்கிலிருந்து கிழக்காக ஒட்டகத்தில் கடக்கக் கிளம்பியவர் அவர். 1972ல் மோரிடானியாவில் தொடங்கினார். நைல் வரை போகவில்லை, சுமார் 2000 மைலோடு தாமன்ராசெட்டில் நிறுத்திக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் வழிகாட்டிகளோடு அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. சாப்பாட்டிலும் தண்ணீரிலும் சந்தேகமும் மனக்கசப்பும் வருகின்றன. அழகான புத்தகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வழிகாட்டி அதில் இன்னொரு மனசாக, தனக்கென்று ஒரு பிடிவாதம் உள்ளவராக எதிரே நிற்கிறார். சண்டை போட வேண்டுமானால் எதிரே ஓர் ஆள் வேண்டும். எக்சுபெரியின் நன்றியில் இல்லாத மனிதர் மூர்ஹவுஸின் எரிச்சலில் இருக்கிறார்.

இந்த விஷயத்தில் அதிக தூரம் போனவர் ராபின் டேவிட்சன் என்று நினைக்கிறேன். 1977ல் நான்கு ஒட்டகங்களும் ஒரு நாயுமாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து இந்துமகா சமுத்திரம் வரை 1700 மைல் நடந்தவர். 'டிராக்ஸ்' 1980ல் வெளியானது. தனியாகப் போன பெண் என்றுதான் உலகம் அவரை அறியும். ஆனால் புத்தகத்தின் உயிரான பகுதி, எட்டி என்ற பிட்ஜன்ட்ஜாரா முதியவர் அவரோடு கூட நடந்த நாட்கள். இவர் மைல் கணக்குப் பார்க்கிறார்; அவருக்கு அந்தக் கணக்கே இல்லை. இவருடைய அவசரம் மெல்ல மெல்லக் கழன்றுபோகிறது. அவரை ஒட்டகத்தின் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்க வந்த சுற்றுலாக்காரர்களை, பெரியவர் பித்துப் பிடித்தவர்போல் ஆடிக் காசு கேட்டு விரட்டுகிறார். அவர்கள் போனபிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். வழிகாட்டிக்கு நகைச்சுவை உண்டு, அது பயணியின் மேலும் பாயும் என்று காட்டிய இடம் இந்த எழுத்தில் எனக்கு வேறு அகப்படவில்லை. டேவிட்சனுக்குத் தனிமையின் விலை தெரியும், ஏனென்றால் ஒட்டகத்தை அவரே பழக்கினார், அவரே சுமை ஏற்றினார். வேலை செய்தவருக்குத்தான் வேலை செய்கிற இன்னொருவர் கண்ணில் படுகிறார்.

இனி என் கட்டுரை. அதில் மூன்று விடுபடல்கள்.

முதல் இரவு ஒட்டகக்காரரின் செல்போன் அடித்தது. மகளோ பேத்தியோ, ஒரு சின்னக் குரல். அவர் மேட்டின்மேல் ஏறி நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல், மௌனத்துக்கென்று காசு கொடுத்தவன் நான். கட்டுரையில் அந்த இரவு 'ஒலியற்ற இரவு'.

இரண்டாம் நாள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் ஊரில் மணல் கிடையாதா என்று கேட்டார். ஆற்றில் இருந்தது, லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்றேன். அவர் இதற்குச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்புறம் தண்ணீர் எப்படி நிற்கும் என்று கேட்டார். கட்டுரையில் அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். கடைசி நாள் விடியலில் நான் கண் விழித்தபோது மணல்மேட்டில் யாரும் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. நான் தனியாக உட்கார்ந்து சூரியன் எழுவதைப் பார்த்தேன். கட்டுரையின் உச்சம் அந்த விடியல்தான், நண்பர்கள் பாராட்டியதும் அதைத்தான். யாரும் இல்லாததற்குக் காரணம், ராத்திரி ஓர் ஒட்டகம் காற்கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. அவர் இருட்டிலேயே எழுந்து காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடிப் போயிருந்தார். வெயில் ஏறியபிறகு அதை ஓட்டிக்கொண்டு வந்தார், உட்காராமல் டீ போட்டார். டீ தாமதமானதற்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒட்டகம் கிடைக்காமல் போயிருந்தால் அவர் குடும்பத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எந்த மணலை நான் வெற்றுத் தாள் என்று வர்ணித்தேனோ, அதை அவர் ஒவ்வோர் அடியாக வாசித்துக்கொண்டு போயிருக்கிறார்.

கட்டுரையைத் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவரை அந்த விடியலுக்குள் கொண்டுவந்தால் அந்தப் பத்தி நிற்கவில்லை. போனை வைத்தால் இரவு போயிற்று, பேச்சை வைத்தால் நடுப்பகுதி போயிற்று. நன்றாக வந்திருக்கிறது என்று நான் நினைத்த வாக்கியம் ஒவ்வொன்றும் அவரை அப்புறப்படுத்தித்தான் வந்திருக்கிறது. ஆகவே இது உள்ளடக்கத்தில் நேர்ந்த பிழை இல்லை, நடையின் பிழை. தனிமை, வெறுமை, மௌனம் என்கிற சொற்களை நம் பக்கங்களில் நாம் எவ்வளவு சுலபமாகப் புழங்குகிறோம் என்று நண்பர்கள் ஒருமுறை யோசிக்கலாம். அந்தத் தனிமைக்குத் தண்ணீர் சுமந்து வந்தது யார் என்று கேட்டால் எத்தனை கவிதை தாக்குப்பிடிக்கும்?

நோட்டுக்காரர்களை இதற்காகக் கொண்டாட வேண்டியதில்லை. அடுத்து வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒட்டகக்காரர்களே எழுதச் சொல்லி வாங்குவதுண்டு; பெயர் விழுந்தால் பிழைப்பு. அது நற்சாட்சிப் பத்திரம், இலக்கியம் இல்லை. ஆனாலும் அது ஒருவருக்குப் பயன்பட்டது. என்னுடையது எனக்கு மட்டும் பயன்பட்டது.

தொகுப்புக்கு அந்தக் கட்டுரை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இந்தக் கட்டுரையிலாவது அவர் பெயரைப் போட வேண்டும் என்று இருந்தேன். ஞாபகம் வரவில்லை. முகம் வருகிறது, பெயர் வரவில்லை. அது ஜெய்சல்மேரில் அந்த நோட்டில் இருக்கும், யாரோ ஒருவருடைய மோசமான வாக்கியத்தில், வியப்புக்குறியோடு.