கவியில் பேசிய பெண்

கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களின் நாட்டார் கவிகளைக் ‘காதல் பாடல்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்டிவைப்பது நமக்குப் பழகிவிட்டது. எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்திராவிட்டால் இவற்றில் பல நமது மூத்தம்மாமாரோடு மௌத்தாகியிருக்கும். தொகுப்பில் குறையில்லை, வாசிப்பில்தான் குறை.

கவியில் வரும் ‘மச்சான்’ வெறும் காதலன் அல்ல, மாமி மகன், முறைகாரன் என்ற உரிமையும் அந்த விளியில் இருக்கிறது. குடிவழி தாய்ப்பக்கமாகப் போகும் ஊரில், கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். அந்தப் பலத்தில் நின்றே அவள் அவனைக் கேலி பண்ணுகிறாள், வராதவனை ஏசுகிறாள். இதை விரகம் என்று மட்டும் எழுதினால் அவளுடைய அதிகாரம் மறைந்துபோகும்.

அதே வீடுதான் இன்று சீதனப் பேச்சின் முதல் நிபந்தனை. மகளுக்கு வீடு கட்ட உம்மா சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போறா. மாமி மகன் இருந்த இடத்தில் உத்தியோக மாப்பிள்ளை; கவி இருந்த இடத்தில் கைபேசி.

அக்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வாப்பா வேறிடம் பேசி முடித்ததற்கு அழும் குரலும் அக்கவிகளில் உண்டுதானே! ஆனால் அவள் குரல் இருந்தது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காவின் எழுதும்போது வலி ஒப்பமிட்டால் போதும். மணப்பெண்ணின் ஒப்பத்தை அது கேட்கவில்லை. கவித் தொகுப்பையும் காவின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து நமது ஆய்வாளர்கள் இன்னும் வாசிக்கவில்லை.