எழுந்து நின்று சொல்லும் வாக்கியங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னைப் புறநகரான திருநின்றவூர்ப் பக்கத்து ஆராதனைகளைக் கேட்டுக்கொண்டே போனால், பிதாவுக்குக் குமாரன் யார் என்று நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்தை இரண்டாக்கிய கேள்விக்கு மூன்று விதமான பதில் கிடைக்கும். சி.எஸ்.ஐ. ஆராதனையில் சபையார் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரை முடிந்ததும் அதையே நம்பிக்கை அறிக்கை என்று சொல்கிறார்கள். வயதானவர்களுக்கு அது இன்னமும் விசுவாச மந்திரம்தான். மாடிக் கூடத்திலும் தகரக் கொட்டகையிலும் கூடுகிற பெந்தெகொஸ்தே சபைகளில் பிரமாணம் என்ற பேச்சே கிடையாது. 'எங்களுக்கு வேதம் போதும்' என்பார்கள். அந்த உலகத்துக்குள்ளும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயர் சொல்லி முழுக்குக் கொடுப்பவர்களுக்கும், இயேசுவின் நாமத்தில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை.

ஆக, திரித்துவச் சண்டை முடிந்துபோன சரித்திரமல்ல. அந்தச் சண்டையை முடித்துவைக்க எழுதப்பட்ட வாக்கியங்களை வாராவாரம் ஒப்பிக்கும் வழக்கத்தால் என்ன ஆதாயம், என்ன நஷ்டம் என்று பார்க்கலாம். துதியாகச் சொல்லும்போது விசுவாசப் பிரமாணத்துக்கு ஒரு பலம் இருக்கிறது. அதையே வாசற்காவலாக நிறுத்தும்போது அது கெட்டுப்போகிறது. இரண்டு வேலையையும் அது பிறந்த நாளிலிருந்தே பார்த்து வந்திருக்கிறது என்பதுதான் சிக்கல்.

ஆரியு அலெக்சாந்திரியாவில் ஒரு மூப்பர். (நம் ஊர் ஆரியர் விவாதத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) கடவுள் ஒருவரே; குமாரன் எவ்வளவு உயர்ந்தவரானாலும் கடவுளால் உண்டாக்கப்பட்டவர், அவருக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பது அவர் வாதம். கப்பலோட்டிகளும் மாவரைப்பவர்களும் பாடும்படி இதைப் பாட்டாகவும் கட்டிக் கொடுத்தார் என்கிறார்கள். கி.பி. 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். குமாரன் பிதாவின் அதே சாராம்சம் உடையவர் என்று முடிவாயிற்று. ஒப்புக்கொள்ளாதவர்களைச் சபிக்கும் வரிகளைக் கடைசியில் சேர்த்தார்கள். கையெழுத்துப் போட மறுத்த லிபியா நாட்டு ஆயர்கள் இருவர், செக்குந்துவும் தெயோனாவும், ஆரியுவோடு நாடு கடத்தப்பட்டார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 337-இல் சாகும் தறுவாயில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுவின் பக்கம் நின்ற நிக்கொமேதியா எவுசேபியு. நிசேயாவைக் கட்டிக்காத்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு ஐந்து முறை பதவியிழந்து ஊரைவிட்டுப் போனார். அரசர் மாறினால் இறையியல் மாறியது. 380-இல் பேரரசர் தெயோதோசியு ஆணை பிறப்பித்து, 381-இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் இன்னொரு சங்கம் கூடிய பிறகுதான் நிலைமை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்று 'நிசேயா' என்று நாம் சொல்வது அந்த 381-ஆம் ஆண்டோடு சேர்த்துப் பேசப்படும் வடிவம். பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி அதில் விரிந்திருக்கிறது. சாபவரிகள் அதில் இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. குமாரன் பிதாவோடு ஒரே சாராம்சம் என்ற சொல் வேதத்தில் இல்லை. எதிர்த் தரப்பின் பெரிய ஆயுதமே அதுதான். 357-இல் சிர்மியத்தில் கூடியவர்கள், வேதத்தில் இல்லாத இத்தகைய சொற்களைச் சபையில் பேசவே வேண்டாம் என்று விலக்கினார்கள். 'வேதம் போதும்' என்று இன்று பிரமாணத்தை ஒதுக்கும் பாஸ்டர், தனக்குத் தெரியாமலே அவர்களுடைய வாதத்தைத்தான் எடுத்துப் பேசுகிறார், அவர்களுடைய முடிவை அவர் கடுமையாக மறுப்பவராக இருந்தும். வேத வசனங்களை இரு தரப்பும் மேற்கோள் காட்டியபோது, வசனத்தின் பொருள் என்ன என்று சொல்ல வசனத்துக்கு வெளியே ஒரு சொல் தேவைப்பட்டது. அந்தத் தேவை நியாயமானது. சொல்லை வைத்து ஆளை நாடு கடத்தியது வேறு சங்கதி.

பெந்தெகொஸ்தே சரித்திரமே இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவில் 1914-இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் தொடங்கியபோது, எழுதிவைத்த பிரமாணம் எதுவும் வேண்டாம் என்ற மனநிலையில்தான் தொடங்கினார்கள். இயேசுவின் நாமத்தில் மட்டும் முழுக்கு என்ற இயக்கம் உள்ளே பரவியது. இரண்டே ஆண்டில், 1916-இல், திரித்துவத்தை விரிவாகச் சொல்லும் அடிப்படைச் சத்தியங்களின் அறிக்கை ஒன்றை நிறைவேற்ற வேண்டி வந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். எழுதாத பிரமாணம் எல்லாச் சபையிலும் இருக்கிறது. எழுதியிருந்தால் சபையாரும் படித்துப் பார்க்கலாம். எழுதாவிட்டால் அது பாஸ்டரின் மனதில் மட்டும் இருக்கும். ஒரே மனிதர் தொடங்கி, அவரே நடத்தி, அவர் மகனுக்குப் போகிற சபைகள் பெருகியிருக்கும் இந்தப் புறநகரில் இது சின்ன விஷயமல்ல. எல்லோருக்கும் பொதுவான பிரமாணத்தைப் பிரசங்கியார் தன் இஷ்டத்துக்குத் திருத்த முடியாது. இது அந்த வழக்கத்தின் முதல் பலம்.

இரண்டாவது பலம் ஆழமானது, அதிகம் பேசப்படாதது. ஆரியுவின் கடவுள் உலகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. தொட வேண்டிய வேலைக்குத் தனக்குக் கீழே ஒருவரை உண்டாக்கி அனுப்புகிறார். தத்துவமாகப் பார்த்தால் இது ஒழுங்கான ஏற்பாடு. சாதி ஊரில் பிறந்தவருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பெரியவர் திண்ணையை விட்டு இறங்கமாட்டார். சேரிக்கு ஆள் போகும். தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை தீண்டாமைக்கு ஆளானவை. அவர்களிடம், வந்தவர் அனுப்பப்பட்ட ஆளல்ல, கடவுளேதான் என்று சொல்வதற்கும், கடவுளுக்கு அடுத்த படியில் இருக்கும் ஒருவர் வந்தார் என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அத்தனாசியு இதைச் சாதியை நினைத்து எழுதவில்லை. கடவுளைத் தவிர வேறு யாரும் மனிதரை மீட்க முடியாது என்பது அவருடைய வாதம். என்றாலும் அந்த வாதத்தின் கனம் இங்கேதான் முழுசாகத் தெரிகிறது.

ஆனால் பிரமாணத்தைச் சொல்லும் சபையாருக்கு இது எட்டுகிறதா? எட்டுவதில்லை. அன்றோ கான்ஸ்டாண்டினோப்பிளில் காசு மாற்றுபவரும் ரொட்டி விற்பவரும்கூட பிதா பெரியவரா குமாரன் பெரியவரா என்று தர்க்கம் செய்கிறார்கள் என நிசா நகரத்து கிரகோரி சலித்துக்கொண்டார். இன்றைய ஆராதனையில் அந்த வாக்கியங்கள் முப்பது நாற்பது பேர் வாயில் ஒரே வேகத்தில் உருண்டு போகின்றன. நம்மிடம் வந்து சேர்ந்தது தீர்ப்பு நகல் மட்டும். வழக்குக் கட்டு வரவில்லை. யார் என்ன கேட்டார், எதற்கு இந்தப் பதில் என்று தெரியாமல் பதிலை மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

இன்னொரு குறை, பிரமாணத்தின் கட்டமைப்பிலேயே இருப்பது. கன்னி மரியாளிடம் பிறந்தார் என்பதிலிருந்து நேராகப் பொந்தியு பிலாத்துவுக்குத் தாவுகிறது. நடுவில் வாழ்ந்த வாழ்க்கை காணோம். தொழுநோயாளியைத் தொட்டது, ஆயக்காரனோடு சாப்பிட்டது, மலைப்பிரசங்கம், உவமைகள் எதுவும் இல்லை. சண்டை எதைப் பற்றி நடந்ததோ அதைத்தான் பதிவு செய்தார்கள் என்பது நியாயமான விளக்கம். ஏழைக்கு இரங்க வேண்டும் என்பதில் ஆரியுவுக்கும் அத்தனாசியுவுக்கும் தகராறு இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் அறிக்கையிடும் விசுவாசத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எப்படி நடத்துவது என்பதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது. பிரமாணத்தைப் பிழையில்லாமல் சொல்லும் சபைகளில் சாதி பார்த்துக் கல்லறையைப் பிரித்தவர்கள் இருந்தார்கள். பிரமாணம் அவர்களைத் தடுக்கவில்லை.

தமிழில் இந்த வழக்கம் வேரூன்றிய விதமும் கவனிக்கத்தக்கது. 1540-களில் முத்துக்குளித்துறைக் கரையில் பிரான்சிஸ் சவேரியார், தமிழ் அறிந்தவர்கள் உதவியோடு விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்து, மீனவ மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பில் குறுக்கே கட்டி ஆம் என்பார்கள். 1544-இல் எழுதிய கடிதத்தில் அவரே இதை விவரிக்கிறார். அந்த மொழிபெயர்ப்பின் பிழைகளைப் பின்னால் வந்த என்றிக்கே என்றிக்கஸ் திருத்தினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று. நமக்குத் திரித்துவம் வாதமாக வரவில்லை; ஒப்பித்தலாக வந்தது.

வாதமாகவும் ஒருமுறை வந்தது. அதைத் தமிழ்க் கிறிஸ்தவ உலகம் மறந்தே போய்விட்டது. திருவேங்கடம் என்ற தமிழர், ஆங்கிலேயரிடம் வேலைக்காரராக இருந்து இங்கிலாந்து போனார். அங்கே ஆங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானம் பெற்று வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். ஆக்சிஜனை ஆராய்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி, தியோபிலஸ் லிண்ட்சே ஆகியோரின் எழுத்துகள் அவர் கைக்கு வந்தன. கடவுள் ஒருவரே, திரித்துவம் வேதத்தில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். சென்னை திரும்பி 1795-இல் ஒரு யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். 1813-இல் புரசைவாக்கத்தில் ஆலயம் எழுந்தது. இங்கிலாந்தில் திரித்துவத்தை மறுப்பது குற்றம் என்ற நூறாண்டுச் சட்டம் விலக்கப்பட்டதும் அதே 1813-இல்தான். கல்கத்தாவில் ராம்மோகன் ராய் 'இயேசுவின் போதனைகள்' வெளியிட்டுச் செராம்பூர் மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றது 1820-இலிருந்து. ராபர்ட்ஸ் அவருக்குக் கால் நூற்றாண்டு முந்தியவர், மேட்டுக்குடியும் அல்ல. ஆரியு சொன்னதையே அவர் சொன்னாரா என்றால் இல்லை; யூனிட்டேரியன் கொள்கை இன்னும் ஒரு படி தாண்டியது. அவர் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பிரமாணத்தை ஒப்பித்த ஆயிரம் பேரைவிட அதோடு அதிகம் மல்லாடியவர் அவர்தான்.

இந்த இரண்டு வழிக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டது தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.). பல மரபுச் சபைகளை ஒன்றாக்க 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் முடிந்தது. ஆங்கிலிக்கன்களுக்குப் பிரமாணம் இல்லாத சபை சபையே அல்ல. காங்கிரிகேஷனல் மரபில் வந்தவர்களுக்கோ மனிதர் எழுதிய பிரமாணத்தைக் காட்டி ஒருவரின் விசுவாசத்தைச் சோதிப்பது அக்கிரமம். கடைசியில் எழுதிய ஏற்பாடு இப்படி: அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் சபை ஏற்கும், ஆனால் அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு ஆளும் ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்காது, நியாயமான பொருள்கொள்ளும் சுதந்திரம் உண்டு, ஆராதனையில் அவற்றைச் சொல்வது கடவுளைத் துதித்து நன்றி செலுத்தும் செயல். இருபத்தெட்டு வருஷப் பேச்சில் விளைந்த மிக நல்ல வரிகள் இவை என்பேன். அறிவின் சோதனையாக இருந்ததை வணக்கமாக மாற்றிவிட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கும் சபையாரில் எத்தனை பேருக்கு இந்தச் சுதந்திரம் தங்களுக்கு இருப்பது தெரியும்?

மனதுக்குள் இருக்கும் விசுவாசத்துக்கு வாக்கியம் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் திருநின்றவூரிலேயே ஒரு பதில் இருக்கிறது, அது கிறிஸ்தவப் பதில் அல்ல. பூசலார் நாயனார் மனதிலேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவன் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கும்படி கனவில் வந்து இறைவன் சொன்னதும், அரசன் இங்கே தேடி வந்ததும் பெரிய புராணம் சொல்லும் கதை. உள்ளன்பு கல்லைவிடப் பெரிது என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். சேக்கிழார் சொல்வதை முழுசாகப் பார்த்தால், பூசலார் மனதில் கட்டிய கோயிலும் ஆகம முறைப்படிதான் எழுகிறது. நல்ல நாள் பார்த்து, தச்சரைத் தேடி, அடித்தளத்திலிருந்து சிகரம் வரை, கிணறு, மதில், குளம் ஒன்றும் விடாமல். உள்ளே கட்டினாலும் கட்டடத்துக்கு விதி வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். வெறும் உருக்கத்தை அவர் நம்பவில்லை.

விதி வேண்டும் என்பதற்காக விதியைத் தொடவே கூடாது என்றில்லை. பிரமாணத்தைத் திருப்பலியில் சொல்லும் வழக்கமே ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோக்கியாவில் தொடங்கியது என்பார்கள். உரோமையில் 1014-இல்தான் நிலைத்தது. அதுவரை உரோமைத் திருப்பலி அது இல்லாமலே நடந்தது. ஆவியானவர் 'குமாரனிடமிருந்தும்' புறப்படுகிறார் என்று மேற்கு சேர்த்துக்கொண்ட சொல், கிழக்குச் சபையோடு பிளவுக்கு ஒரு காரணமாயிற்று. 2025 நவம்பர் 28-இல், நிசேயாவின் 1700-ஆம் ஆண்டுக்காக இன்றைய இஸ்னிக்கில் திருத்தந்தை லியோவும் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவும் கூடியபோது, அந்தச் சொல்லை விட்டுவிட்டே பிரமாணத்தைச் சொன்னார்கள்.

நம் சபைகளில் பிரமாணத்தின் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்க்க ஏற்ற இடம் திடப்படுத்தல் வகுப்பு. இப்போது அங்கே பிரமாணத்தை மனப்பாடம் சொல்லச் சொல்லி ஆயர் சரிபார்க்கிறார். ஆரியுவின் பக்கம் நின்று ஒரு மாணவரும் அத்தனாசியுவின் பக்கம் நின்று இன்னொருவரும் பேசட்டும். புரசைவாக்கத்து ராபர்ட்ஸின் கதைக்கு ஒரு வகுப்பு ஒதுக்கட்டும். 1947 ஏற்பாட்டின் அந்த வரிகளை வாசித்துக் காட்டட்டும். அதன்பிறகு வரும் ஞாயிறு பிரமாணத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளைகளே முடிவு செய்யலாம்.