தம்பூராவைக் கேட்க ஒரு ஹெட்போன்

கடைக்காரர் ஹெட்போனை எடுத்து நீட்டியதும் சொல்வது: "பேஸ் சும்மா அதிரும் சார்!" கச்சேரி கேட்கிறவர் அந்தப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது அதிர வைப்பதற்கல்ல. கும்கி இழைந்து எழுந்து, வந்த சுவடு தெரியாமல் அடங்க வேண்டும். பேஸ் தூக்கலான ஹெட்போனில் அது அடங்குவதேயில்லை; ஊதிப்போய், வலந்தலைச் சாப்பையும் பாடகரின் மந்தர ஸ்தாயியையும் மூடிக்கொள்கிறது.

தம்பூரா இன்னும் கடுமையான பரீட்சை. ஒரு கட்டைச் சுருதியில் மந்தர ஸட்ஜக் கம்பியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். ஆனால் நாம் சொக்கிப்போவது குதிரைமேல் கம்பிக்கடியில் செருகிய நூல் எழுப்பும் மேற்சுரங்களின் ரீங்காரத்தில். சி.வி. ராமன் 1920களின் தொடக்கத்தில் ஆராய்ந்த விஷயம் இது. அந்த ரீங்காரம் குரலோடு குழம்பாமல் தனி இழையாக ஓடினால் ஹெட்போன் தேறியது. பெட்டியில் அச்சிட்ட '20 – 20,000 ஹெர்ட்ஸ்' இதைச் சொல்லாது. எத்தனை டெசிபெல் ஏற்றத்தாழ்வுக்குள் என்று குறிப்பிடாத வரை அது வெறும் அலங்காரம்.

மலிவு வரிசையில் மூன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றுமே பின்புறம் திறந்தவை. 1984-இல் வந்த கோஸ் போர்ட்டா ப்ரோ இதமானது, பழைய ஒலிநாடாவின் இரைச்சலையும் மென்மையாக்கும். ஆனால் தொப்பி வீங்கும். ஈக்வலைசரில் கீழ்ப்பகுதியைக் குறைத்தால் ஓரளவு சரியாகும். பிலிப்ஸ் எஸ்ஹெச்பி9500-இல் வயலின் வில்லின் உராய்வுகூடத் தெளிவு, மேடையும் விரிந்து கேட்கும். ஆனால் பழைய வானொலிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. அங்கே விரிய மேடை ஏது? மேல் அதிர்வெண்களைச் சற்றே தூக்கிக் காட்டுவதால் இரைச்சலும் கூடவே வரும்.

காதில் மாட்டும் கோஸ் கேஎஸ்சி75 பார்க்க விளையாட்டுச் சாமான். கண்ணாடி போட்டவர்களுக்கு அந்தக் கொக்கி தொல்லைதான். இருந்தும் குரலும் வீணையும் அதில் முன்னே வந்து நிற்கின்றன. தொப்பி அளவோடு நின்றுகொள்கிறது. மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 60 ஓம்ஸ்தான் என்பதால் போனே போதும், தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டாம்.

கொடுக்கும் காசுக்கு என் ஓட்டு கேஎஸ்சி75-க்கு. புதிய ஸ்டீரியோ பதிவுகளையே, அதுவும் வீட்டில் உட்கார்ந்து கேட்பவர் பிலிப்ஸுக்குப் போகலாம். பேருந்தில் கேட்பவருக்கு இந்த மூன்றுமே ஆகாது: வெளிச்சத்தம் உள்ளே வரும், உங்கள் ஆலாபனை பக்கத்து இருக்கைக்குப் போகும்.