முள் திரும்பிய திசை: எல்லை மலையிலும் இலங்கையிலும் மாறிய கேட்டல் பழக்கம்

1950களில் திரைப்பாட்டு கேட்க ஆசைப்பட்ட இந்தியத் தமிழர் வானொலி முள்ளைக் கொழும்புக்குத்தான் திருப்பினார்கள். வாளையார், கொழிஞ்சாம்பாறை முதல் தேவிகுளம், பீருமேடு வரை கேரள எல்லையில் தமிழ் பேசும் ஊர்களிலும் இதே கதைதான். 1952இல் மத்திய ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டுச் சாஸ்திரிய இசைக்கு இடம் கொடுத்தார். ரேடியோ சிலோனோ 1950 செப்டம்பரிலேயே வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரையொட்டி நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்புக்கு அருகே நிறுவிய வலுவான சிற்றலை ஒலிபரப்பி அதன் கைக்கு வந்திருந்ததால் கடலைத் தாண்டுவது எளிதாக இருந்தது. டில்லி மறுத்த பாட்டைக் கொழும்பு கொடுத்தது. அறிவிப்பாளர்கள் எஸ். பி. மயில்வாகனம், பின்னாளில் கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டில் நடிகர்களின் குரல்களைப் போலவே அடையாளம் தெரிந்தவை.

கேரளத்தின் மூணாற்றுத் தேயிலைத் தோட்டமும் இலங்கையின் ஹட்டன் தோட்டமும் அப்போது ஒரே நிகழ்ச்சியைக் கேட்டன. இரண்டு இடத்திலும் தொழிலாளர் குடியிருப்புக்குப் பெயர் லயம். இரண்டிலும் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் ஒருவர் வாங்கிய டிரான்சிஸ்டர் வரிசை முழுவதற்கும் பாடும். பேட்டரி தளர்ந்து குரல் கம்மினால் அதைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்கள்; இன்னும் சில நாள் ஓடும். இந்தியாவில் வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. சிற்றலையில் அல்லாமல் மத்திய அலையில் கேட்பவர்களுக்கு, அந்த அலை இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் தொலைதூர நிலையங்கள் இருட்டிய பிறகே தெளிவாகும். வேலை முடிந்து வந்த தொழிலாளிக்கு அது தோதான நேரம்.

இந்திய அரசு தன் தவற்றை 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித் திருத்திக்கொண்டது. ஆனாலும் கொழும்பின் பிடி இன்னும் பல ஆண்டுகளுக்கு விடவில்லை. அறிவிப்பாளர் நேயரிடம் பேசிய அந்த நெருக்கத்தை உத்தரவு போட்டு உண்டாக்க முடியாது. பிடியைத் தளர்த்தியது தொலைக்காட்சி. 1993இல் சன் டிவியும் ஏசியாநெட்டும் சில மாத இடைவெளியில் வந்தன. வாளையார் போன்ற எல்லை ஊரில் கேபிள் இழுத்த வீட்டுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே கம்பியில் கிடைத்தன. அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியும் கொழும்பு வானொலியிலிருந்து சன் டிவிக்கு வந்து சேர்ந்தது. அதுவரை கொழும்பை நோக்கியிருந்த காது சென்னைக்குத் திரும்பியது. பின்னர் செயற்கைக்கோள் வழியே இலங்கைத் தமிழ் வீடுகளும் சென்னைத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கின.

இலங்கையில் ஊடகப் பழக்கம் இப்படி ரசனையின் போக்கில் மட்டும் மாறவில்லை. உள்நாட்டுப் போரால் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, பேட்டரியும் கிடைக்கவில்லை. மிதிவண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ரேடியோ பேசும். சுற்றுபவர் களைத்தால் குரல் தேயும், அடுத்தவர் கைமாறிக்கொள்வார். அப்படிப் பாடுபட்டுக் கேட்டது பெரும்பாலும் லண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசையையும் மணிலாவின் வெரித்தாஸ் தமிழ்ச் சேவையையும்தான். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அறிய வேறு வழி குறைவு. வானொலி என்றால் கடலின் இந்தியப் பக்கத்தில் பாட்டுப் பெட்டி. போர் நடந்த மண்ணில் அது செய்திப் பெட்டி.

பண்பலை வந்தபோது சட்டம் இந்த வேறுபாட்டை இன்னும் ஆழமாக்கியது. இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இன்றுவரை அனுமதியில்லை; ஆகாசவாணியின் செய்தியை மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவே. அதனால் கோவைப் பண்பலை வாளையாரை எட்டினாலும், பாட்டும் அரட்டையும்தான் வரும். பண்பலை நேர்கோட்டில் செல்வதால் மலை அதை மறைத்துவிடும். பாலக்காட்டுக் கணவாயில் மலை விலகி நிற்பது வாளையாருக்கு வசதி, மூணாறும் தேவிகுளமும் இருக்கும் இடுக்கிக்கு அது இல்லை. அங்கே தேவிகுளம் ஆகாசவாணி நிலையம் மலையாளத்தோடு தமிழ் நிகழ்ச்சிகளையும் தருகிறது. இலங்கையிலோ 1998இல் தொடங்கிய சூரியன், சக்தி பண்பலைகள் செய்தியும் வாசித்தன. இன்றும் பேருந்தில் ஓட்டுநர் போட்டிருக்கும் வானொலியில் செய்தி நேரம் வந்தால் பயணிகள் பேச்சைக் குறைத்துக்கொள்வது அங்கே இயல்பு. இழவுச் செய்தி சொல்லும் முறையும் வேறு: இலங்கைத் தமிழருக்கு வானொலியின் மரண அறிவித்தல், பாலக்காட்டில் மலையாள நாளிதழின் ‘சரமம்’ என்னும் இறப்புச் செய்திப் பக்கம், எல்லை தாண்டிக் கோவைப் பக்கம் வந்தால் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி.

கைப்பேசி இரு நாட்டையும் ஒன்றாக்கிவிடும் என்று தோன்றியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இந்தியாவில் டேட்டா விலை சரிந்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகளும் டிக்டாக்கில் ஆடிப் பாடத் தொடங்கினார்கள். இலங்கை மலையகத்தில் இளைஞர்களும் அதையே செய்தார்கள். இந்த முறையும் அரசுகள் குறுக்கே வந்தன. இலங்கை 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும் 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. இந்தியா 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கையே தடை செய்தது. மூணாற்றுப் பிள்ளைகள் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் மாறினார்கள். ஹட்டன் பிள்ளைகள் டிக்டாக்கிலேயே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கொழும்பு வானொலியில் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்ட லயங்களின் பேரப்பிள்ளைகள், இன்று ஒரே சினிமாப் பாட்டுக்கு இரண்டு தனித்தனிச் செயலிகளில் ஆடுகிறார்கள்.